ரெண்டு இலை விட்டு

இப்போது எங்கள் ஸ்டூடியோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இங்கே மண்டபத்தில் விழுகிற அட்சதை அதே நேரத்தில் பாரிஸில் இருக்கிற சித்தப்பா வீட்டு டிவியிலும் விழுகிறது. யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் மனசு கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் ஒருத்தி சொல்வாள், "கேஸ் வந்தாலும் கண்ணு பொகையத் தேடுது" என்று. என் கதையும் அதுதான்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு பழைய கம்ப்யூட்டர். கேமரா என் வீட்டுக்காரர் கையில், கம்ப்யூட்டர் என் கையில். நான் படித்தது பிளஸ் டூ காமர்ஸ். மிச்சமெல்லாம் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணையத்தில் தட்டுத் தடுமாறிக் கற்றது. வீடியோவைச் சுருக்குகிற புரோகிராம் ஒன்று இலவசமாகக் கிடைத்திருந்தது. அதன் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றியும் எழுதலாம். கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்காமல் போக எனக்குத் தெரியாது. சமையல் வேலை முடிந்த பகல் பொழுதெல்லாம் அதற்குள்தான் கிடப்பேன். "கடல் கெடக்கு, இவ கெணத்துல முத்து தேடுறா" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். கேலி பண்ணிவிட்டு டீ போட்டும் கொடுப்பார்.

கடலோரத்துக் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. பேச்சுக்குப் பேச்சு சொலவடை சொல்கிற வாய். நான் மீனுக்காக நிற்கிறேனா பேச்சுக்காக நிற்கிறேனா என்று எனக்கே தெரியாது. ஒரு காலையில் சங்கரா மீனை அள்ளிப் போட்டுவிட்டு, கூடையைத் தூக்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் குதிர்ந்திருக்கிறது என்றார். நல்ல சேதிதானே, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயம் வந்தது.

பெண் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். கடலில் இல்லை, காய்ச்சலில். வளர்த்தது அக்காவின் தம்பி, பெண்ணுக்குத் தாய்மாமன். முதுகில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர். காலேஜ் படிக்கவைக்க வேண்டும் என்று மீன்பிடி போட்டை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போனார், அங்கே துறைமுகத்தில் வேலை. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தாலியை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் சபையில் நின்று, தாய்மாமன் உத்தரவு உண்டா என்று கேட்பார். மாமன் பெண்ணின் முகத்தைப் பார்த்து 'கட்டுங்க' என்று சொன்ன பிறகுதான் கெட்டிமேளம். அந்த மாமனுக்கு இப்போது லீவு கிடைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருக்கிறார், அவரை நிறுத்திச் சொல்ல வைத்துவிடலாம் என்று ஒரு கட்சி. போனில் அவரையே சொல்லச் சொன்னால் என்ன என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் வளைகுடாவில் இருக்கிற தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி சொன்னதை அக்கா தம்பி குரலிலேயே சொன்னார்: "பாக்காம எப்படிக்கா சொல்றது? பாத்துட்டு சொன்னா அது உத்தரவு. பாக்காம சொன்னா அது வெறும் போனு."

வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த நாட்டில் அதில் செய்தி போகும், போட்டோ போகும், வீடியோ கால் மட்டும் போகாது, தடை. அதனால் ஒரு ஏற்பாடு சொன்னேன். படத்தை நாங்கள் லிங்க் போட்டு அனுப்புகிறோம், தம்பி தங்கியிருக்கிற அறை டிவியில் பார்க்கட்டும். பேச்சை சாதாரண போனில் வைத்துக்கொள்வோம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், மீன் வாசனையோடு. "தங்கச்சி, நீ மட்டும் காட்டிட்டா, எங்க வூட்டு மீன்ல முள்ளே இருக்காது ஒனக்கு" என்றார்.

தம்பிக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. முதல் வெள்ளியன்று கேமரா, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போனோம். கேபிள்காரர் வயர் இழுத்துக் கொடுத்தார். வாசலில் அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, கையைத் துடைத்து, போனை எடுத்து, கேமராவைப் பார்த்துக் கையாட்டினார்.

"தெரியுதாடா தம்பி? கை ஆட்டுறேன்."

"இல்லக்கா. நீ இன்னும் மீன்தான் கழுவுற."

"கழுவி முடிச்சு கொழம்பே கூட்டப் போறேன்டா."

"பரவால்ல, அந்த மீனுக்கு வயித்த நல்லா சுத்தம் பண்ணு" என்றது போன். அக்கா அலுத்துப்போய், போனை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போனார். அப்புறம் வெகுநேரம் கழித்து, வாசலில் யாருமே இல்லாதபோது, போனிலிருந்து ஒரு சந்தோஷக் குரல் வந்தது: "ஆங், தெரியுதுக்கா, நானும் ஆட்டுறேன்!" வாசலில் இருந்த கோழி மட்டும் திரும்பிப் பார்த்தது.

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் ஆக ஆகப் படம் இன்னும் பின்தங்கிக்கொண்டே போனது. கல்யாணத்தில் இப்படி ஆனால், பெரியவர் உத்தரவு கேட்கும்போது தம்பியின் டிவியில் பெண் இன்னும் தலை பின்னிக்கொண்டிருப்பாள். கெட்டிமேளம் காதில் கேட்டு, அப்புறம்தான் தாலி கண்ணில் படும்.

வழியில் ஆகிற தாமதம் கொஞ்சம்தான். சிக்கல் எங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தது. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பயப்படாதீர்கள். கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் புரோகிராம் சின்னச் சின்னக் கட்டங்களாக அறுக்கும். முழுசாக அனுப்பினால் எந்த வயரும் தாங்காது. அதனால் ஒவ்வொரு கட்டமும் இடப்பக்கத்து வீட்டையும் மேல்வீட்டையும் எட்டிப் பார்த்து, 'நானும் கிட்டத்தட்ட உன்னை மாதிரிதான், இவ்வளவுதான் வித்தியாசம்' என்று சொல்லும். வித்தியாசத்தை மட்டும் அனுப்பினால் போதும். நீலச் சுவர் என்றால் நூறு கட்டமும் 'அதே, அதே' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அருமையான ஏற்பாடு. ஆனால் பக்கத்து வீட்டு வேலை முடியாமல் நம் வீட்டு வேலையைத் தொடங்க முடியாது. முதல் வரியின் முதல் கட்டத்தில் தொடங்கி, கடைசி வரியின் கடைசிக் கட்டம் வரை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒரே வரிசை. எங்கள் கம்ப்யூட்டருக்கு நாலு மூளை உண்டு. ஒன்று வேலை செய்யும், மூன்று காத்துக்கொண்டிருக்கும். "வடம் புடிக்க ஒருத்தன், வேடிக்கை பாக்க ஊரு" என்றார் என் வீட்டுக்காரர்.

தயாராகக் கிடைக்கிற சில புரோகிராம்கள் இந்தப் படத்தை ஒரு மூளைக்கு, அடுத்த படத்தை அடுத்த மூளைக்கு என்று பிரித்துக் கொடுக்கும். வேலை வேகமாக ஓடும், ஆனால் நாலைந்து படம் சேர்ந்த பிறகே வண்டி கிளம்பும். அந்தத் தாமதம் போகவே போகாது. அன்றைக்கே படத்தைச் சின்னதாக்கி அனுப்பியும் பார்த்திருந்தேன். தம்பி பொறுமைசாலி, இருந்தும் கேட்டுவிட்டார், அக்கா ஒன் மூஞ்சி ஏன் அவிச்ச கத்திரிக்கா மாதிரி இருக்கு என்று. ஆக, ஒரே படத்துக்குள் நாலு மூளையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அதற்குக் கட்டங்கள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பதைக் குறைக்க வேண்டும்.

எனக்கு முதலில் தோன்றியது வெட்டுவதுதான். படத்தைக் குறுக்கே நாலு பட்டையாகப் பிரித்தேன். ஒரு பட்டையின் முதல் வரி மேல் பட்டையை எதுவும் கேட்கக் கூடாது என்று எழுதிவிட்டேன். அண்ணன் தம்பி பாகம் பிரித்த மாதிரி, சுவர் எழுப்பியாயிற்று. நாலு மூளைக்கும் நாலு பட்டை. கம்ப்யூட்டர் பறந்தது.

அடுத்த வெள்ளி, பெண்ணையே கேமரா முன் நிறுத்தினோம். புதுப்பெண் வெட்கமெல்லாம் இல்லை, "மாமா, ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று நேராகக் கேட்டாள். பதில் உடனே வந்தது. அக்கா என் தோளைத் தட்டினார். அப்புறம் போனில் குரல் மாறியது.

"அக்கா, புள்ள கழுத்துல என்ன அது, கீறலா?"

கீறல் எதுவும் இல்லை. ஓடிப்போய் என் போனில் பார்த்தேன். இரண்டு பட்டை சேருகிற இடத்தில் மெல்லிய கோடு ஒன்று, சரியாகக் கழுத்தின் குறுக்கே. மேல்பட்டையைக் கேட்காமல் கீழ்ப்பட்டை தன்னிஷ்டத்துக்கு நிறத்தைத் தொடங்கினால் தையல் தெரியாமல் இருக்குமா? அக்காவின் முகம் செத்துவிட்டது. தாலி ஏறுகிற கழுத்து. அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார்: "கண்ணி அறுந்த வலையில மீன் வரலாம் தங்கச்சி. ஆனா மனசு வராது."

நான் பட்டையின் இடத்தை மாற்றினேன். கோடு நெற்றிக்குப் போய்ப் பொட்டை அறுத்தது. இன்னும் மாற்றினேன், வாயில் வந்தது. மனுஷி என்றால் அசைவாளே. பெண்ணை ஆடாமல் நிற்கச் சொல்வோமா என்றார் என் வீட்டுக்காரர், வேடிக்கையாகத்தான். தாலி கட்டும்போது குனியாமல் எந்தப் பெண் இருப்பாள்? பட்டைகளுக்கு நடுவே விட்டுப்போன பூச்சைப் பூசிச் சரிசெய்யலாம் என்றால், பூசுவதற்குப் பக்கத்துப் பட்டையை எதிர்பார்க்க வேண்டும். பிரித்த பாகம் மறுபடி கூட்டுக்குடும்பம்.

முகூர்த்தத்துக்கு முந்தின ஞாயிறு சுரக்குடியில் ஒரு கல்யாணம் எடுக்கப் போனோம். விவசாயக் குடும்பம், நல்ல கூட்டம். பந்தியைக் கேமராவில் எடுக்க நானும் பின்னால் வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். 'பந்திக்கு முந்து' என்று யார் சொன்னார்களோ, உட்கார்ந்து சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த பந்திக்காரர் இடம் பிடித்து நின்றார். நெருக்கடி தாங்காமல் மாப்பிள்ளை வீட்டு இளைஞர் ஒருவர் யோசனை சொன்னார்: நீளப் பந்தியை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி வாளி, தனித்தனி ஆள். கிடுகிடுவென்று நடந்தது. ஆனால் ஒரு பங்கு முடிந்து அடுத்த பங்கு தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர் பாடு சங்கடம். ஒருவர் இலையில் இரண்டு அப்பளம். பக்கத்து இலையில் உப்பு மட்டும். அந்த இலைக்காரர் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "எனக்குப் பச்சடியும் வரல, பொரியலும் வரல. நான் பொண்ணு வூட்டுக்காரனா, மாப்ள வூட்டுக்காரனான்னு யாராச்சும் பாத்துச் சொல்லுங்க" என்றார். பந்தியே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. அந்த உப்பு மட்டும் இருந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கோடு அங்கே உட்கார்ந்திருந்தது.

அடுத்த பந்திக்கு அந்த வீட்டுப் பெண்ணின் பெரியப்பா வந்து பழையபடியே நடத்தினார். எல்லோரும் ஒரே முனையிலிருந்து கிளம்ப வேண்டும். ஆனால் முன்னால் போகிறவர் கடைசி இலை வரை போய் முடிக்கட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. உப்பு, ஊறுகாய்க்காரர் கொஞ்சம் நகர்ந்ததும் பச்சடிக்காரர், அவர் நகர்ந்ததும் பொரியல், அதற்குப் பின்னால் சோறு. முட்டிக்கொள்ளக் கூடாது, அதனால் பெரியப்பா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்: "ரெண்டு எலை விட்டு வாங்க, ரெண்டு எலை விட்டு வாங்க." முன்னால் போகிறவரை யாராவது திரும்பக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி கேட்பார்கள் அல்லவா, அதற்கு அந்த இரண்டு இலை இடைவெளி. எல்லா ஆளும் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். எந்த இலையிலும் வரிசை மாறவில்லை. எந்த இலைக்கும் எதுவும் விட்டுப்போகவில்லை. சாய்வாக ஓர் அலை இலைகள் மேல் நகர்ந்து போவது மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார், வயரை மிதித்துக்கொண்டு நிற்கிறாய் என்று. கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். இப்படி ஒரு வழி இருப்பது அந்தப் பட முறையின் விதிகளிலேயே எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படித்தும் இருந்தேன். படித்தது கம்ப்யூட்டரில், புரிந்தது பந்தியில். எங்கள் பழைய புரோகிராமில் அது இல்லை, அவ்வளவுதான்.

வெட்டவே வேண்டாம். கட்டங்களின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூளை. மேல் வரி இரண்டு கட்டம் முன்னால் போனதும் கீழ் வரி கிளம்பலாம். ஒரு கட்டத்துக்கு இடப்பக்கமும் தலைக்கு மேலும் வலது மேல் மூலையும் தெரிந்தால் போதும், அதற்கு மேல் அது யாரையும் கேட்பதில்லை. அப்படியானால் பழைய முறையில் ஏன் கடைசி வரை காத்திருந்தது? ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டமும் தான் சேர்த்துவைத்த அனுபவத்தை அடுத்த வரியின் முதல் கட்டத்துக்குச் சொல்லிவிட்டுப் போகும். எந்த எண் அடிக்கடி வருகிறது, எது அபூர்வம் என்கிற அனுபவம். அந்த ஒரே ஒரு கயிறுதான் எல்லாரையும் கட்டிப் போட்டிருந்தது. அதை மட்டும் அவிழ்த்து, கடைசிக் கட்டத்துக்குப் பதிலாக மேல் வரியின் இரண்டாவது கட்டத்தைக் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். கொஞ்சம் குறைந்த அனுபவம்தான், படம் கொஞ்சம் பருமனாகும். ஆகட்டும். வேண்டாத உறவை விட்டுவிட்டு வேண்டிய உறவை வைத்துக்கொள்வது குடும்பத்திலேயே கஷ்டம், புரோகிராமில் கேட்கவா வேண்டும்? திங்களில் தொடங்கி வியாழன் மத்தியானம் வரை எழுதுவதும் அழிப்பதுமாகப் போனது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான். ஸ்டூடியோவில் என் போனில் பார்த்தபோது கோடு இல்லை, தாமதமும் இல்லாத மாதிரிதான் இருந்தது. ஆனால் தம்பியின் அறைக்கு அனுப்பிப் பார்க்க இடையில் வெள்ளிக்கிழமை இல்லை. மறுநாள் வெள்ளிதான் முகூர்த்தம்.

கோட்டுச்சேரிமேட்டில் வீட்டு வாசலிலேயே பந்தல். மணலுக்கு மேல் தார்ப்பாய் விரித்து ஜமுக்காளம் போட்டிருந்தார்கள். கடல் காற்று மைக்கில் புகுந்து ஊதிக்கொண்டிருந்தது. நான் மைக்செட்காரர் மேசைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தேன். அக்கா பட்டுப்புடவையில் போனைக் கையில் பிடித்தபடி நின்றார். சபைக்குக் கேட்கட்டும் என்று போனை மைக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தோம். ஒன்றுவிட்ட தம்பி வெள்ளை வேட்டியில் மணவறைக்குப் பக்கத்திலேயே தயாராக நின்றார். அவர் மேல் குற்றம் இல்லை, நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

பெண் வந்து உட்கார்ந்தாள். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. பெரியவர் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "தாய்மாமன் உத்தரவு உண்டா?"

போனில் சத்தம் இல்லை.

"தம்பி, தெரியுதா?" என்றார் அக்கா.

அங்கே அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் மைக்கில் கேட்டது. ஆக, போன் அறுபடவில்லை. என் கண் கம்ப்யூட்டரில் இருந்தது. நாலு மூளையும் ஓடின, எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. படம் அங்கே நின்றுவிட்டதா? மேளக்காரர் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஒன்றுவிட்ட தம்பியைப் பார்த்தார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நேரம் ஓடுகிறது என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். தலை குனிந்திருந்த பெண் மெல்ல நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயர் தளர்ந்திருக்குமோ என்று எழுந்து ஓடி, கேமரா ஸ்டாண்டுக்கு முன்னால் போய்க் குனிந்தேன்.

மைக்கில் குரல் வந்தது. அடைத்துப்போன குரல். இவ்வளவு நேரமும் அழுதிருக்கிறார் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"அக்கா, யாரோ பச்சப் பொடவ குறுக்க நிக்குது. வெலகச் சொல்லு. புள்ள மொகம் மறைக்குது."

பச்சைப் புடவை நான்தான். பந்தல் கொல்லென்று சிரித்தது, பெண்ணும் சிரித்துவிட்டாள். நான் இருந்த இடத்திலேயே மணலில் குந்திவிட்டேன்.

"ம். இப்ப தெரியுது. சிரிக்கிறா" என்றார். அப்புறம், "கட்டச் சொல்லுக்கா" என்றார்.

கெட்டிமேளம் கொட்டியது. எழுந்தால் மறுபடியும் மறைத்துவிடுவேனோ என்று நான் ஸ்டாண்டுக் காலைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி நின்றவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன, அவற்றின் மேல் உதிர்ந்து விழுந்த அட்சதையும். தாலி ஏறியதை அவர் பார்த்தார். நான் பார்க்கவில்லை.